வைன் லேபிள்: வாசிக்கும் முறை

(குருநகரில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

வைன் போத்தலில் ஒட்டியிருக்கும் தாளில் இரண்டு வகைச் சொற்கள் இருக்கின்றன. ஒரு வகைக்குச் சட்டம் காவல் நிற்கிறது. பொய்யாக எழுதினால் தயாரிப்பாளர் தண்டனைக்கு ஆளாவார். மற்ற வகை விற்பவரின் விருப்பத்துக்கு எழுதப்படுவது. அதைத் தட்டிக் கேட்க எவருமில்லை. இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தவர், தக்கையைத் திறக்கும் முன்பே உள்ளே இருப்பதைப் பற்றிப் பெரும்பகுதியைச் சொல்லிவிடுவார். வைனைப் புதிதாக அறியப் புகுபவர் முதலில் கற்க வேண்டியது இந்த வாசிப்பைத்தான். நாக்கின் பயிற்சி பிறகு வரும்.

குருநகருக்கு வைன் மூன்று வழிகளில் வருகிறது. முதல் வழி ஆலயம். புனித யாகப்பர் ஆலயத்தில் ஒப்புக்கொடுக்கப்படும் ஒவ்வொரு திருப்பலியிலும் திராட்சை இரசம் பாத்திரத்தில் வார்க்கப்படுகிறது. இரண்டாவது வழி, யாழ்ப்பாணத்துச் செபமாலைக் கன்னியர் மடத்தில் நெல்லி ரசத்தோடும் திராட்சைச் சாற்றோடும் சேர்த்து விற்கப்படும் ரோசெற்றோ. மூன்றாவது, பாரிசிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் சுவிற்சர்லாந்திலிருந்தும் விடுமுறைக்கு வரும் உறவினரின் பயணப்பெட்டி. மூன்றையும் ஊர் வைன் என்றே அழைக்கிறது. செய்முறையாலும் சட்டத்தாலும் அவை மூன்றும் வெவ்வேறு பொருட்கள்.

வைன் என்பது முந்திரிகைப் பழச்சாறு, அதாவது திராட்சைச் சாறு, நொதித்து உண்டாகும் பானம். பழத்தின் வெல்லத்தை மதுவம் உண்டு அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகிறது. ஒரு லீற்றர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் வெல்லம் முழுதாக நொதித்தால் 1 வீத அற்ககோல் கிடைக்கும். லீற்றருக்கு 200 கிராம் வெல்லமுள்ள சாறு, முழுதாக நொதித்தபின் 12 வீத வைனாகும். வெல்லம் எல்லாம் தீர்ந்துவிட்டால் அது இனிப்பற்ற வைன். ஆங்கிலத்தில் டிறை, பிரெஞ்சில் செக், ஜேர்மன் மொழியில் றொக்கன். வெல்லம் மிஞ்சியிருந்தால் இனிப்பு வைன். அற்ககோல் 15, 16 வீதத்தை எட்டும்போது பெரும்பாலும் மதுவமே இறந்துபோகிறது. இந்தக் கணக்கிலிருந்து பயனுள்ள ஓர் அடையாளம் கிடைக்கிறது: சாதாரண வெள்ளை வைனில் 8 அல்லது 9 வீதம் என்று எழுதியிருந்தால், நொதித்தல் பாதியில் நிறுத்தப்பட்டிருக்கிறது, வைன் பெரும்பாலும் இனிக்கும்.

நிறம் தோலிலிருந்து வருகிறது. கறுப்பு முந்திரிகையில் கூட அநேக வகைகளின் சாறு நிறமற்றதே. பழத்தை நசுக்கித் தோலோடு நொதிக்கவிட்டால் சிவப்பு வைன்; சில மணி நேரத்தில் தோலைப் பிரித்தால் இளஞ்சிவப்பான ரோஸே; சாற்றைப் பிழிந்தெடுத்துத் தோலின்றி நொதிக்கவிட்டால் வெள்ளை. தோலிலும் விதையிலும் உள்ள தனின் என்ற பொருள்தான் சிவப்பு வைனின் துவர்ப்புக்குக் காரணம். துவர்ப்பு, புளிப்பு, இனிப்பு, அற்ககோலின் சூடு ஆகிய நான்கும் எந்த அளவில் கூடியிருக்கின்றன என்பதே ஒரு வைனின் பாங்கு. பழவாசனை, மரவாசனை என்று விற்பனையாளர் அடுக்கும் வர்ணனைகள் எல்லாம் இந்த நான்குக்குப் பின்னர்தான்.

நொதித்தலை நடுவில் தடுக்கும் வித்தையைப் பனைமரம் தெரிந்த ஊருக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் இறங்குவது கருப்பநீர், பூசாவிட்டால் கள். சுண்ணாம்பு அங்கே செய்யும் வேலையை, போர்த்துக்கலின் போர்ட் வைனில் முந்திரிகையிலிருந்து வடித்த சாராயம் செய்கிறது. பாதி வெல்லம் மிஞ்சியிருக்கும் நிலையில் அந்தச் சாராயத்தைச் சேர்க்கிறார்கள். மதுவம் இறக்கிறது, இனிப்பு தங்குகிறது, அற்ககோல் 19 முதல் 22 வீதம் வரை ஏறுகிறது. இத்தகையவை வலுவூட்டிய வைன்கள். ஸ்பெயினின் ஷெரியும் மடேராத் தீவின் மடேராவும் இந்த வகுப்பே. வைனையே காய்ச்சி வடித்தால் அது வைன் அல்ல, பிரண்டி. கள்ளை வடித்துத் திக்கம் வடிசாலையில் பனஞ்சாராயம் எடுத்ததும் இதே முறையில்தான்.

பூசை வைனுக்கு வருவோம். அதன் இலக்கணம் மிகச் சுருக்கமானது, மிகக் கண்டிப்பானதும் கூட. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு 924ஆம் சட்டம், திராட்சைக் கொடியின் கனியிலிருந்து வந்த, இயற்கையான, கெட்டுப்போகாத இரசமே வேண்டும் என்கிறது. வேறு பழத்தின் சாறு செல்லாது. சாயம், வாசனைத் திரவியம் எதற்கும் இடமில்லை. நிறத்தைப் பற்றி விதி எதுவும் சொல்லவில்லை. வெள்ளையும் செல்லும், சிவப்பும் செல்லும். வெப்ப நாடுகளுக்குக் கப்பலில் போகும் இரசம் புளித்துவிடும் என்ற காரணத்தால், முந்திரிகையிலிருந்தே எடுத்த அற்ககோலைச் சேர்த்து மொத்தம் 18 வீதத்தைத் தாண்டாமல் வைத்திருக்க 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரோமாபுரி இடமளித்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமலமரித் தியாகிகள் சபையினரின் தாய்நாடு பிரான்சின் தென்பகுதி, முந்திரிகை விளையும் புரோவான்ஸ். இங்கே வந்தபின் அவர்கள் இரசத்துக்குக் கப்பலையே நம்பியிருக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் அந்தச் சலுகையின் பயன் விளங்கும். மதுவுக்கு அடிமைப்பட்டு மீண்ட குருக்கள், ஆயரின் அனுமதியோடு, நொதித்தல் தொடங்கியதுமே நிறுத்தப்பட்ட முஸ்தும் என்ற சாற்றைப் பயன்படுத்தலாம் என்ற ஏற்பாடும் உண்டு. திருச்சபையின் சட்டங்களில் மனிதர்மீது அக்கறை வெளிப்படையாகத் தெரியும் இடங்களில் இதுவும் ஒன்று.

ரோசெற்றோ வேறு இனம். செபமாலைத் தாசர் சபையைத் தோலகட்டியில் 1928இல் நிறுவியவர் தோமஸ் அடிகளார். அந்தத் துறவுக் குடும்பத்தின் கன்னியர் விற்கும் இந்த வைன் இனிப்பானது. கறுவாவும் கராம்பும் மணப்பது. ஐரோப்பியச் சட்டத்தின் கண்ணில் இத்தகையது வாசனையூட்டிய வைன். ஜேர்மனியில் நத்தார்ச் சந்தைகளில் சூடாக்கிக் கொடுக்கும் குளூவைனுக்கு நெருங்கிய உறவு. கறுவா இட்ட காரணத்தாலேயே அதைப் பூசைக்கு எடுக்க முடியாது. அதன் தரத்துக்கு அது குறைவல்ல. யாழ்ப்பாணத்து மடம் ஒன்று தன் பெயரில், தன் சுவையில் ஒரு பானத்தைப் பல ஆண்டுகளாக நிலைநிறுத்தியிருப்பது மதிக்க வேண்டிய செயல்.

பயணப்பெட்டியில் வரும் போத்தலில்தான் லேபிளின் சிக்கல் தொடங்குகிறது. பிரான்சிலும் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் லேபிள் பெரிய எழுத்தில் சொல்வது ஊரின் பெயரை. அவுஸ்திரேலியா, சிலி, தென்னாபிரிக்கா, இந்தியா போன்ற நாடுகள் பழத்தின் பெயரைச் சொல்கின்றன. ஆகவே பிரெஞ்சுப் போத்தலை வாசிக்க ஊருக்கும் பழத்துக்கும் உள்ள உறவு தெரிந்திருக்க வேண்டும். சாப்லி என்றால் ஷார்டனே என்ற வெள்ளை வகை. சான்செர் வெள்ளை என்றால் சோவிஞோன் பிளாங். சிவப்புப் பேர்கண்டி என்றால் ஏறக்குறைய எப்போதும் பினோ நுவார். பொர்தோ பெரும்பாலும் கலவை: ஆற்றின் இடக்கரையில் கபர்னே சோவிஞோன் மேலோங்கும், வலக்கரையில் மெர்லோ. அல்சாஸ் மட்டும் ஜேர்மன் எல்லையை ஒட்டியிருப்பதால் பழத்தின் பெயரையும் எழுதும் வழக்கமுடையது.

ஊரின் பெயரைச் சட்டம் காப்பது பழைய ஏற்பாடு. இத்தாலியின் கியாந்திப் பகுதிக்கு 1716இலும், போர்ட் விளையும் தோரோப் பள்ளத்தாக்குக்கு 1756இலும் எல்லை வகுத்தார்கள். பிரான்ஸ் 1935இல் நாடு முழுவதற்கும் ஒரு முறையை அமைத்தது. லேபிளில் அப்பெலாசியோன் என்ற சொல்லும், நடுவே ஓர் இடப்பெயரும், கொந்த்ரோலே அல்லது ப்ரொத்தேஜே என்ற முடிவும் இருந்தால், அந்த எல்லைக்குள் விளைந்த பழம், அனுமதிக்கப்பட்ட இனம், ஏக்கருக்கு இவ்வளவுதான் என்ற விளைச்சல் வரம்பு, குறைந்தபட்ச அற்ககோல் ஆகியவை எல்லாம் விதிப்படி என்று பொருள். இத்தாலியின் டி.ஓ.சி., டி.ஓ.சி.ஜி. என்ற எழுத்துகள் 1963ஆம் ஆண்டின் சட்டத்திலிருந்து வந்தவை. எல்லை சுருங்கச் சுருங்க விதி இறுகும் என்பது பொது நியதி: பேர்கண்டி என்ற மாகாணப் பெயரைவிட ஊர்ப்பெயர் கண்டிப்பானது, ஊர்ப்பெயரைவிட ப்ரெமியே க்ரூ, அதற்கு மேல் க்ராங் க்ரூ. பொர்தோவில் தரவரிசை நிலத்துக்கு அல்லாமல் பண்ணைக்கு உரியது. 1855இல் வகுத்த அந்தப் பட்டியலின் முதல் தரத்தில் அதன்பின் நேர்ந்த ஒரே மாற்றம், 1973இல் மூத்தோன் ரொத்சில்ட் பண்ணை இரண்டாம் தரத்திலிருந்து ஏறியதுதான்.

இனிக் காவலற்ற சொற்கள். பிரெஞ்சுப் போத்தலில் பொன்னெழுத்தில் மின்னும் க்ராங் வான் என்ற சொல்லுக்குத் தர நிர்ணயம் எதுவும் இல்லை. வியேய் வீஞ், அதாவது முதிர்ந்த கொடி என்பதற்கு எத்தனை வயது என்று சட்டம் சொல்லவில்லை. ரிசேவ் என்ற சொல் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் வெறும் அலங்காரம். அதே சொல் ஸ்பெயினில் ரெசெர்வா என்று வந்தால் அதற்கு எடை உண்டு: ரியோகாவின் சிவப்பு வைன் மூன்று ஆண்டு முதிர்ந்திருக்க வேண்டும், அதில் ஓராண்டாவது ஓக் மரப் பீப்பாவில். கிரியான்சா என்றால் இரண்டு ஆண்டு, கிரான் ரெசெர்வா என்றால் ஐந்து. ஆக, ஒரே சொல் ஒரு நாட்டில் சான்று, இன்னொரு நாட்டில் விளம்பரம். மிஸ் ஆன் பூத்தேய் ஓ ஷாத்தோ என்ற நீண்ட தொடர் மட்டும் நம்பத்தக்கது; விளைந்த பண்ணையிலேயே போத்தலில் அடைத்தார்கள் என்பதை அது உறுதிப்படுத்துகிறது.

ஜேர்மன் லேபிள் பார்க்க அச்சமூட்டும், உண்மையில் மிக நேர்மையானது. கபினெட், ஸ்பேட்லேசெ, அவுஸ்லேசெ என்று ஏறும் படிகள், அறுவடையின்போது சாற்றில் இருந்த வெல்லத்தின் அளவைக் குறிக்கின்றன. போத்தலில் மிஞ்சிய இனிப்பை அவை நேரே சொல்வதில்லை. அதற்கு றொக்கன் என்ற சொல்லைத் தேட வேண்டும்; அது இருந்தால் வெல்லம் லீற்றருக்கு 9 கிராமுக்கு மேல் இராது. அந்தச் சொல் இல்லாமல், அற்ககோலும் 8 அல்லது 9 வீதம் என்றிருந்தால், இனிப்பு நிச்சயம்.

நுரைக்கும் வைனில் ஒரு பொறி உண்டு. ஷாம்பெயினில் ப்ருட் என்றால் லீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைந்த வெல்லம். எக்ஸ்ட்ரா டிறை என்றால் 12 முதல் 17 கிராம். டெமி செக் 32 முதல் 50 கிராம். எக்ஸ்ட்ரா டிறை என்ற பெயரை நம்பி இனிப்பே இல்லாததென்று வாங்கினால், கையில் வருவது ப்ருட்டைவிட இனிப்பானது. நீரிழிவு உள்ள வீடுகளில் இந்த வேறுபாட்டைத் தெரிந்திருப்பது நல்லது. ஷாம்பெயின் என்ற பெயர் பிரான்சின் அந்த ஒரு பிரதேசத்துக்கே உரியது. அதே முறையில் பிற பிரெஞ்சுப் பிரதேசங்களில் செய்வது க்ரெமான். இத்தாலியின் ப்ரொசெக்கோ, நுரையைப் பெரும்பாலும் தொட்டியிலேயே உண்டாக்கும் வேறு முறை.

ஆண்டு என்பது அறுவடை ஆண்டு. போத்தலில் அடைத்த ஆண்டு அல்ல. ஐரோப்பிய விதிப்படி ஓர் ஆண்டையோ ஒரு பழவகையையோ லேபிளில் எழுத வேண்டுமானால், குறைந்தது 85 வீதம் அதுவாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் பழவகைக்கு 75 வீதம் போதும். போத்தலின் பின்புறம் சல்பைற்று உண்டு என்ற எச்சரிக்கை, லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கந்தகவீரொட்சைட்டு இருப்பதைக் காட்டுகிறது. வைன் கெடாமலிருக்கச் சேர்க்கப்படும் அது, ஆஸ்துமா உள்ள சிலருக்கு மூச்சிறுக்கத்தைக் கொண்டுவரும். 2023 டிசம்பர் 8க்குப் பின் செய்த ஐரோப்பிய வைன்களில் சேர்மானமும் சக்தி அளவும் தெரிவிக்கப்பட வேண்டும்; சேர்மானத்தைப் பெரும்பாலும் கைபேசியால் வாசிக்கும் சதுரக் குறியீட்டின் வழியாகத் தருகிறார்கள்.

தமிழர் வாழும் நிலங்களிலும் முந்திரிகைப் பிரதேசம் உண்டு. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹம்பேர்க் என்ற வகை. ஒரு பிரெஞ்சுக் குருவானவர் அதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. ஆண்டு முழுவதும் அறுவடை நடக்கும் அந்தப் பழம் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. மகாராட்டிரத்தின் நாசிக்கில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 மீற்றர் உயரத்தில், சூலா நிறுவனம் 2000ஆம் ஆண்டில் முதல் போத்தல்களை வெளியிட்டது. ஷெனான் பிளாங், சோவிஞோன் பிளாங் என்ற வெள்ளை வகைகள் அங்கே முதலில் வேரூன்றின. அங்கு அறுவடை மாசி, பங்குனியை ஒட்டி வருகிறது. மேடான நிலத்தின் குளிர்ந்த இரவுகள் பழத்தின் புளிப்பைக் காக்கின்றன.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் முந்திரிகைப் பந்தல்கள் உண்டு. சுண்ணக்கல்லின் மேல் படிந்த செம்மண்ணும் கிணற்று நீரும் அதற்குத் துணை. இஸ்ரேல் புளூ என்ற வகையைப் பலர் நடுகிறார்கள். ஆனால் வைன் முந்திரிகையின் வழக்கமான உலகம் 30 முதல் 50 பாகை அகலக்கோட்டுக்கு இடைப்பட்டது. யாழ்ப்பாணம் பத்துப் பாகைக்கும் கீழே. பனிக்காலம் இல்லாததால் கொடி உறங்குவதில்லை. கத்தரித்துக் கத்தரித்துத்தான் அதைக் காய்க்க வைக்கிறார்கள். ஆண்டில் இரண்டு போகமும் எடுக்கலாம். இரவும் வெப்பமாகவே இருப்பதால் பழம் பழுக்கும்போது புளிப்பு விரைவாக இறங்கிவிடுகிறது. உண்பதற்கு அது நன்மை. முதிரவைக்கும் வைனுக்குக் குறை. இந்த மண்ணின் முந்திரிகைக்கு இனிப்பு வைனும் வாசனையூட்டிய வைனும் பொருந்திவருவதற்கு இதுவே காரணம்.

குருநகரில் வைன் கெடுவதற்கு முதற்காரணம் வெக்கை. வைன் 12 முதல் 15 பாகை செல்சியசில் இருக்க விரும்பும். இங்கே அலுமாரிக்குள் 30 பாகை சாதாரணம். மகனோ மகளோ கொண்டுவந்த போத்தலைப் பேரப்பிள்ளையின் கலியாணத்துக்கென்று பத்து ஆண்டு அலுமாரியில் வைத்திருக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அன்பின் பெயரால் நடக்கும் இந்தச் சேமிப்பில் வைன் நிச்சயமாக அழிந்துபோகிறது. உலகில் விற்கும் வைனில் பெரும்பகுதி ஓரிரண்டு ஆண்டுகளில் குடிக்கவென்றே செய்யப்பட்டது. விதிவிலக்கு மடேரா. பூமத்திய ரேகையைக் கடந்த கப்பல்களின் அடித்தட்டு வெப்பத்தில் அந்த வைன் சுவை கூடியதைக் கண்டுகொண்டவர்கள், பின்னர் வேண்டுமென்றே மாதக்கணக்கில் சூடாக்கி அதைச் செய்யத் தொடங்கினார்கள். இனி வெப்பத்தால் அதற்குப் பெரிய கேடில்லை. மற்றவற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே வழி. திறந்த போத்தல் அங்கே மூன்று முதல் ஐந்து நாள் தாங்கும். சிவப்பு வைனை அறை வெப்பத்தில் பரிமாறு என்ற அறிவுரை, 16 முதல் 18 பாகையுள்ள ஐரோப்பிய அறையை மனத்தில் வைத்துச் சொன்னது. இங்கே அதையும் அரை மணி நேரம் குளிரவைக்க வேண்டும்.

கடலுணவு ஊருக்கு இன்னொரு குறிப்பு. மீனோடு சிவப்பு வைன் குடித்தால் வாயில் உலோகச் சுவையும் கவிச்சும் எழுவதற்குக் காரணம் வைனில் உள்ள இரும்பு என்று 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். மிளகாய்க் காரத்தை அற்ககோலும் தனினும் மேலும் மூட்டிவிடும். ஆகவே நண்டுக் கறிக்கும் ஒடியற்கூழுக்கும் துவர்ப்பான பொர்தோ பொருந்தாது. புளிப்பும் சிறிது இனிப்பும் உள்ள, அற்ககோல் குறைந்த ஜேர்மன் ரீஸ்லிங் அவற்றோடு இணங்கும். இந்த இடத்தில் விலை உயர்ந்த போத்தல் தோற்று, விலை குறைந்த போத்தல் வெல்வது அடிக்கடி நடக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமான எண் லேபிளின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் வீதம்தான். 13 வீத வைன் 150 மில்லிலீற்றர் வார்த்த ஒரு கிளாஸில் ஏறத்தாழ 15 கிராம் தூய அற்ககோல் உண்டு. 33.5 வீதமுள்ள இலங்கைச் சாராயம் 58 மில்லிலீற்றரில் இருப்பதும் அதே அளவுதான். பழத்திலிருந்து வந்தது, ஆலயத்தில் பயன்படுவது, பெண்களும் குடிக்கலாம் என்றெல்லாம் சொல்லி வைனை மதுவல்லாத ஒன்றாக நினைப்பதற்கு இந்தக் கணக்கு இடம் தரவில்லை. அற்ககோலில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட நிலைப்பாடு. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குட்பட்டவருக்கு மதுபானம் விற்பது குற்றம். வைனும் அதில் அடங்கும். அடுத்த விடுமுறைக்கு வரும் போத்தலை மேசையில் வைக்கும் முன், வீட்டார் அதைத் திருப்பி அந்த வீதத்தை ஒருமுறை வாசித்துவிட வேண்டும். பிள்ளைகளின் கிளாஸில் திராட்சைச் சாறு மட்டுமே இருக்க வேண்டும்.